பஞ்சம் காட்டியதா, டிக்கே கண்டதா? சீலியாக் நோயும் கோதுமையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோதுமை தின்றால் சிறுகுடல் கெட்டுப்போகும் சீலியாக் நோய் என்று பேச்சு எடுத்தாலே மருத்துவ வட்டாரத்தில் ஒரு கதை வரும். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே வாடியபோது, தீராத வயிற்றுப்போக்கால் ஒட்டி உலர்ந்து கிடந்த சில குழந்தைகள் மட்டும் தேறினார்கள். போர் முடியும் தறுவாயில் விமானங்கள் ரொட்டியைப் போட்டன. அதைத் தின்ற அதே குழந்தைகள் மறுபடி படுத்துவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த டாக்டருக்குப் பொறி தட்டியது: கோதுமைதான் வினை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த டாக்டர், வில்லெம் கரேல் டிக்கே, இந்த நோய்க்கு ரொட்டியும் ரஸ்க்கும் இல்லாத உணவுமுறையை அச்சில் எழுதியது 1941-இல். பஞ்சம் வந்ததோ அதற்கு மூன்று ஆண்டு கழித்து. அப்படியானால் பஞ்சத்தின் பங்கு என்ன, டிக்கேயின் பங்கு என்ன? இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி இது.

நோயும் அதற்கு முந்தைய வைத்தியமும்

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். கொழுகொழுவென்று இருந்த பிள்ளை, திட உணவு தொடங்கிச் சில மாதங்களில் இளைக்கத் தொடங்கும். கை கால் குச்சியாகும், பிட்டத்துச் சதை வற்றித் தொங்கும், வயிறு மட்டும் உப்பி நிற்கும். மலம் வெளிறிப்போய், அளவில் மிகுந்து, எண்ணெய்ப் பசையோடு, தாங்க முடியாத நாற்றத்தோடு போகும். பசி போய்விடும். எந்நேரமும் சிணுங்கல். உயரம் நின்ற இடத்திலேயே நிற்கும். லண்டனில் 1939-இல் வெளியான 73 குழந்தைகளின் தொகுப்பில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள்.

இந்த நோயை நவீன மருத்துவத்தில் தெளிவாக வரைந்து காட்டியவர் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ. 1888-இல் வெளியான அவரது கட்டுரையில், இது குணமாவதென்றால் உணவு வழியாகத்தான் குணமாகும் என்று எழுதினார். திசை சரி. ஆனால் பட்டியல் தலைகீழ். சோறு, சவ்வரிசி, சோளமாவு எல்லாம் ஆகாது என்றார். மெல்லியதாக வெட்டி இருபுறமும் நன்றாக வாட்டிய ரொட்டியை அனுமதித்தார். குழந்தைக்குக் கேடு செய்ததைக் கொடுத்து, செய்யாததைத் தடுத்த உணவுமுறை அது. அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் அளவு டச்சு நாட்டுச் சிப்பி இறைச்சி கொடுத்த ஒரு குழந்தை அபாரமாகத் தேறியதாம். சிப்பிப் பருவம் முடிந்ததும் நோய் திரும்பியது. அடுத்த பருவத்தில் பிள்ளை சிப்பியை வாயிலேயே வைக்கவில்லை. குணம் கொடுத்தது சிப்பியா, வயிறு நிறைய அதைத் தின்றதால் பிள்ளை தொடாமல் விட்ட ரொட்டியா என்று இன்று படிக்கும் எவருக்கும் கேட்கத் தோன்றும். அன்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ். 1924-இல் அவர் வாழைப்பழ உணவுமுறையை வெளியிட்டார். வாழைப்பழம் நிறையக் கொடு. ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியங்கள் எல்லாவற்றையும் நிறுத்து. பிள்ளைகள் உண்மையிலேயே பிழைத்தார்கள், ஹாஸின் பெயரும் உலகெங்கும் பரவியது. ஆனால் மாவுச்சத்துதான் பகை, வாழைப்பழத்தில் ஏதோ மருந்துக் குணம் இருக்கிறது என்று அவர் நம்பினார். பெருமையெல்லாம் தட்டில் இருந்த பழத்துக்குப் போயிற்று. தட்டிலிருந்து எடுக்கப்பட்ட ரொட்டியை யாரும் சந்தேகிக்கவில்லை. உண்மையான காரணத்தைக் கால் நூற்றாண்டு மறைத்து வைத்தது இந்த வெற்றிதான் என்பது என் கணிப்பு. தோல்வியாக இருந்திருந்தால் யாராவது தோண்டிப் பார்த்திருப்பார்கள்.

த ஹேக் நகரில் ஒரு சந்தேகம்

டிக்கே 1905-இல் டார்ட்ரெக்ட் நகரில் பிறந்தவர். லைடனில் மருத்துவம் படித்து, த ஹேக் நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். 1936-இல் அதே மருத்துவமனைக்குத் தலைமை மருத்துவர் ஆனபோது வயது 31.

ரொட்டி மேல் அவருக்குச் சந்தேகம் வந்ததற்கு ஒரு தாய் காரணம் என்று பின்னாளில் பதிவாகியிருக்கிறது. ரொட்டியை நிறுத்தினால் என் பிள்ளைக்குச் சரியாகிறது என்று அந்தத் தாய் சொல்ல, டிக்கே அதைக் காதில் போட்டுக்கொண்டார். டச்சு வீடுகளில் நாளின் இரண்டு வேளை உணவு ரொட்டிதான். நோயாளிப் பிள்ளைக்குச் சீக்கிரம் செரிக்கும் என்று பாலில் நனைத்த ரஸ்க்கைக் கொடுப்பதும் வழக்கம். நம் வீடுகளிலும் காய்ச்சல் வந்தால் பாலும் பிரெட்டும்தானே? அப்படிப்பட்ட பத்திய உணவையே சந்தேகிக்க வேண்டுமென்றால் படித்த பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு தாயின் பேச்சைக் கேட்கும் மனசு வேண்டும். 1930களின் நடுவிலேயே டிக்கே சில குழந்தைகளுக்குக் கோதுமை இல்லாத உணவைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

1940 மே மாதம் ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடித்தது. உணவுப் பங்கீடு வந்தது. வாழைப்பழம் கண்ணில் படுவதே இல்லை என்றானது. 1941-இல் டச்சு மருத்துவ இதழில் டிக்கே சிறு கட்டுரை ஒன்று எழுதினார். அதன் சாரம் இவ்வளவுதான்: வாழைப்பழ முறையும் பழம்-காய்கறி முறையும் நல்ல பலன் தருவதாகச் சொல்கிறார்கள், இப்போது அவை கிடைக்காது, ஆகவே இந்தப் பங்கீட்டுக் காலத்துக்கு ஏற்ற எளிய உணவுமுறை ஒன்றைச் சொல்கிறேன். அதில் ரொட்டியும் ரஸ்க்கும் கூடாது. சூடான சாப்பாடு இரண்டு வேளை கொடுக்கலாம். இன்னொரு வேளைக்குக் கோதுமை மாவு சேராத கஞ்சி.

போர்க்காலச் சமையல் குறிப்பு போலத்தான் இருக்கிறது. ஏன், எதனால் என்ற விளக்கமெல்லாம் கிடையாது. என்றாலும் தேதி முக்கியம். பஞ்சம் தொடங்குவதற்கு முன்பே ரொட்டி சந்தேகப்பட்டியலில் இருந்தது என்பதற்கு இந்தக் கட்டுரையே சான்று.

பசிக் குளிர்காலம் எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை

1944 செப்டம்பரில் டச்சு ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலுக்கு ஜெர்மானியர்கள் மேற்கு நெதர்லாந்துக்கு உணவு போகும் வழிகளை அடைத்தார்கள். த ஹேக், ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் எல்லாம் அதற்குள் அகப்பட்டன. நவம்பர் முடிவில் ஒருவருக்கான பங்கீடு நாளுக்கு 1000 கலோரிக்குக் கீழே போயிற்று. அப்புறம் 400 முதல் 800 வரை. மக்கள் துலிப் கிழங்கையும் பீட்ரூட் இனத்துச் சர்க்கரைக் கிழங்கையும் வேகவைத்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் மாண்டார்கள்.

விமானம் போட்ட ரொட்டி என்ற பகுதி தனிக் கதை. 1945 தொடக்கத்தில் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் மாவு அனுப்பியது. ரொட்டி சுட்டது நெதர்லாந்துப் பேக்கரிகளில். விமானங்கள் உணவு போட்டது அதற்குப் பின், ஏப்ரல் 29 முதல் மே 8 வரை. டச்சுக்காரர்களின் நினைவிலேயே இவ்விரண்டும் கலந்து, ஸ்வீடன் ரொட்டி வானத்திலிருந்து விழுந்தது என்று ஆகிவிட்டது. பாடம் சொல்பவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

சரி, பஞ்சத்தில் சீலியாக் குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி வந்ததும் மீண்டும் விழுந்தார்கள் என்பதையே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து கோதுமைதான் காரணம் என்று முடிவுகட்ட முடியுமா? முடியாது. பஞ்சத்தில் குறைந்தது ரொட்டி மட்டுமா? வெண்ணெய் குறைந்தது, பால் குறைந்தது, மொத்தச் சாப்பாடே குறைந்தது. கொழுப்பு செரிக்காத குழந்தைக்குக் கொழுப்பே கொடுக்காமல் விட்டாலும் வயிற்றுப்போக்கு அடங்கும். உதவி வந்தபோதும் அப்படித்தான்: மாவோடு மார்கரினும் வந்தது, மற்றதும் வந்தது. எது போய்க் குணம் வந்தது, எது வந்து நோய் திரும்பியது என்று பஞ்சத்தை வைத்துப் பிரிக்க வழியில்லை. முன்பே கோதுமையைச் சந்தேகித்தவர் அங்கே இருந்ததால்தான் அந்த மாற்றம் கண்ணில் பட்டது. தன் எண்ணம் சரி என்ற உறுதியைப் பஞ்சம் டிக்கேக்குக் கொடுத்திருக்கலாம். மற்றவர்களை ஒப்புக்கொள்ள வைக்க அது போதாது.

மலத்தை அளந்தவர்

போதுமானதைக் கொண்டுவந்தவர் மருத்துவர் அல்ல, வேதியியலாளர். உட்ரெக்ட் நகரின் உணவு ஆய்வு நிறுவனத்தில் இருந்த யான் ஹென்ட்ரிக் வான் டி காமர். இந்த நிகழ்வில் அதிகம் பேசப்பட வேண்டியவர், ஆனால் குறைவாகவே பேசப்படுபவர்.

சீலியாக் குழந்தையின் மலத்தில் கொழுப்பு போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு போகிறது என்று கணக்காகச் சொல்வதுதான் கஷ்டம். அதுவரை மலத்தை உலர்த்திப் பொடித்து அளந்தார்கள். நாள் பிடிக்கும், உலர்த்தும்போதே அளவு மாறும், ஆய்வகத்தில் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். வான் டி காமரும் உடன் பணியாற்றியவர்களும் 1949-இல் வெளியிட்ட முறையில் உலர்த்தும் வேலையே இல்லை. பல நாள் மலத்தைச் சேர்த்து, ஒன்றாகக் கலக்கி, ஈரமாகவே சில கிராம் எடுத்து நிறுக்க வேண்டும். ஆல்கஹாலில் கரைத்த காரத்தோடு கொதிக்க வைத்தால் கொழுப்பு சோப்பாகிவிடும். ஆறவிட்டு அமிலம் சேர்த்தால் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலம் பிரியும். அதைப் பெட்ரோலியம் ஈதரில் இறக்கி, ஒரு பங்கை எடுத்து ஈதரை ஆவியாக்கி, மிஞ்சியதில் காரத்தைத் துளித்துளியாக விட்டு நிறம் மாறும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊற்றிய காரத்தின் அளவிலிருந்து கொழுப்பின் அளவு வந்துவிடும்.

இப்போது கேள்வியை எண்ணில் கேட்கலாம். குழந்தை தின்ற கொழுப்பு இவ்வளவு, வெளியே போனது இவ்வளவு, உடம்பில் சேர்ந்தது நூற்றுக்கு எத்தனை? தாய் சொன்னாள், நர்ஸ் பார்த்தாள், டாக்டருக்குத் தோன்றியது என்ற நிலை போய், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கோடு வரைய முடிந்தது.

டிக்கே 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த ஆய்வேட்டின் பலம் இங்கேதான் இருக்கிறது. அவர் எடுத்துக்கொண்ட குழந்தைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். ஆனால் ஒவ்வொருவரையும் நெடுங்காலம் தொடர்ந்தார். மற்ற உணவை மாற்றாமல் கோதுமையை மட்டும் எடுப்பது, எடை ஏறுவதைப் பார்ப்பது, மறுபடி கோதுமையைச் சேர்ப்பது, கொழுப்பு மீண்டும் மலத்தில் போகத் தொடங்குவதைப் பார்ப்பது, திரும்ப எடுப்பது. கோதுமைக்குப் பதில் அரிசி கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. மக்காச்சோள மாவு கொடுத்தாலும் ஆகவில்லை. ரை என்ற ஐரோப்பியத் தானியத்தைக் கொடுத்தால் கோதுமை போலவே கேடு. ஆக மாவுச்சத்து குற்றவாளி என்ற ஹாஸின் கொள்கை அங்கேயே விழுந்தது. அரிசியில் இல்லாத மாவுச்சத்தா? இன்னொன்றும் தெரிந்தது. கோதுமை கொடுத்த அன்றே கேடு தெரியாது. நாட்கள், சில நேரம் வாரங்கள் கழித்தே தெரியும். இத்தனை காலமும் தாய்மாரும் மருத்துவர்களும் தொடர்பைக் கண்டுகொள்ளாததற்கு இந்த இடைவெளியே பெரிய காரணம்.

தேறிய குழந்தைக்கு வேண்டுமென்றே கோதுமை கொடுத்து மீண்டும் நோயாளியாக்குவது சரியா என்ற கேள்வி எழத்தான் செய்யும். இன்றைய நெறிமுறைக் குழு ஒன்று ஆயிரம் கேள்வி கேட்டிருக்கும், கேட்கவும் வேண்டும். ஆனால் திருப்பிக் கொடுத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் டிக்கேயின் உணவுமுறையும் சிப்பி, வாழைப்பழம் வரிசையில் இன்னொன்றாக நின்றிருக்கும்.

கோதுமைக்குள் எது?

அடுத்த கேள்வி, கோதுமையில் எந்தப் பகுதி? மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, கொஞ்சம் ஊறவிட்டு, தண்ணீருக்கடியில் கையால் கசக்கிக்கொண்டே இருந்தால் பால் போல மாவுச்சத்து கழுவிப் போய்விடும். கையில் மிஞ்சுவது இழுத்தால் நீளும் ஒரு சவ்வு உருண்டை. அதுதான் குளூட்டன் என்ற புரதம். பரோட்டா மாவை வீசி விரிக்க முடிவதற்குக் காரணமும் அதுவே. கழுவிய மாவுச்சத்தைக் குழந்தைகள் தாங்கிக்கொண்டார்கள், சவ்வைத் தாங்கவில்லை. டிக்கே, வான் டி காமர், குழந்தை மருத்துவர் வெய்யர்ஸ் மூவரும் 1953-இல் வெளியிட்ட கட்டுரைகளில் இன்னும் ஒரு படி போனார்கள்: குளூட்டனிலும் ஆல்கஹாலில் கரையும் கிளையாடின் பகுதியிடம்தான் அந்தக் கேடு இருக்கிறது.

இதற்கிடையே இங்கிலாந்தில் பர்மிங்காம் குழு, சார்லட் ஆண்டர்சனும் சக ஆய்வாளர்களும், டச்சுக் கண்டுபிடிப்பைத் தாங்களாகச் சோதித்து 1952-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். முடிவு அதேதான். டச்சு மொழி ஆய்வேட்டில் இருந்த விஷயம் ஆங்கிலம் படிக்கும் உலகத்துக்குப் பெரிய அளவில் போய்ச் சேர்ந்தது இப்படி.

டிக்கேயிடம் இல்லாத ஒன்று, குடலின் படம். 1954-இல் இங்கிலாந்தில் பாலி என்ற மருத்துவர், அறுவைச் சிகிச்சையின்போது எடுத்த சிறுகுடல் துண்டுகளில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் அழிந்து தட்டையாகக் கிடப்பதைக் காட்டினார். சில ஆண்டுகளில் மார்கோ ஷைனரின் குழாயும் கிராஸ்பியின் மாத்திரை அளவுக் கருவியும் வந்து, வயிற்றைக் கிழிக்காமலேயே குடல் துணுக்கு எடுக்க முடிந்தது. குழந்தைகளின் சீலியாக் நோயும் பெரியவர்களுக்கு வேறு பெயரில் இருந்த கொழுப்புப் பேதியும் ஒன்றே என்று அதன் பிறகு தெளிவானது. 1957-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரான டிக்கே, 1962-இல் 57 வயதில் காலமானார். இந்த நோயில் உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பே தன் குடலைத் தாக்குகிறது. அது குறிவைப்பது திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதியை என்பது 1997-இல்தான் தெரிந்தது. இன்றைய ரத்தப் பரிசோதனை அந்த நொதிக்கு எதிரான எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) தேடுவதுதான்.

ஓட்ஸ் விஷயத்தில் டச்சுக் குழு கொஞ்சம் கூடுதலாகவே கடுமை காட்டியது என்று சொல்ல வேண்டும். அதையும் கேடு செய்யும் தானியங்களோடு சேர்த்தார்கள். கோதுமை கலக்காத சுத்தமான ஓட்ஸைப் பெரும்பாலான நோயாளிகள் தாங்கிக்கொள்கிறார்கள் என்று 1990களில் பின்லாந்து ஆய்வு காட்டியது.

வேலூரும் ஹரியானாவும்

டிக்கே ஒரு வார்டுக்குள் செய்ததை இந்திய வரைபடத்தில் விரித்துப் பார்த்தது போன்ற ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. பி. எஸ். ராமகிருஷ்ணாவும் மற்ற ஆய்வாளர்களும் ஹரியானா, அஸ்ஸாம், வேலூர்ப் பகுதிகளில் 23,331 பெரியவர்களைச் சோதித்தார்கள். சீலியாக் நோய் வடக்கில் 1.23 விழுக்காடு, வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வகை தெற்கில் குறைவோ என்றால் இல்லை: வடக்கில் 38.1 விழுக்காட்டினரிடமும் தெற்கில் 36.4 விழுக்காட்டினரிடமும் அது இருந்தது. தட்டில்தான் வேறுபாடு. ஒருவர் நாளுக்குச் சாப்பிடும் கோதுமை வடக்கில் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். வடகிழக்கில் 37 கிராம்தான், ஆனாலும் நோய் வடக்கை நெருங்குகிறது. ஆகவே கோதுமையின் அளவு மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. ஜீ தடைசெய்த சோறு நம்மில் பலரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் துணிந்து சொல்லலாம்.

தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கு நீண்ட காலம் பழக்கமான கொழுப்புப் பேதி வேறு. வெப்பமண்டல ஸ்ப்ரூ எனப்படும் அது 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காடு கிராமங்களில் கொள்ளைநோய் போலவே பரவியது; வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் அதை விரிவாக ஆராய்ந்தார்கள். அறிகுறிகள் ஒத்துப்போகும், குடல் துணுக்கும் ஓரளவு ஒத்துப்போகும். ஆனால் அதற்கு ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் கேட்கும். கோதுமையை நிறுத்துவதில் பலனில்லை. அதனால் இங்கே சீலியாக் நோய் யாருக்காவது இருந்தாலும் உடனே நினைவுக்கு வருவதில்லை. சப்பாத்தியும் பரோட்டாவும் நூடுல்ஸும் தினசரி உணவான வீடுகளில் இனி நினைவுக்கு வந்தாக வேண்டும்.

நோய் உறுதியானவர்களுக்கு நம்மூர்ச் சமையலில் பெரும்பகுதி பிரச்சினை இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், கேழ்வரகு, கம்பு, சோளம் எதையும் விட வேண்டாம். ரவை, சேமியா, மைதா, கோதுமை மாவு நான்கையும் அடியோடு விட வேண்டும். சிக்குவது எதிர்பாராத இடத்தில்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள். சாம்பாரில் போடும் ஒரு சிட்டிகை வழியாகத் தினமும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். ரவா தோசை சுட்ட கல்லில் சுட்ட தோசையும் அப்படியே.

சந்தேகம் வந்தவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் உண்டு. அப்போது எதிர்ப்புரதம் இறங்கியிருக்கும், குடலும் ஆறத் தொடங்கியிருக்கும். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். ரத்தப் பரிசோதனையும் குடல் துணுக்கும் முடியும் வரை வழக்கம்போலக் கோதுமை சாப்பிட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் நிறுத்த வேண்டும்.